பத்தாவது கோல் விழக்கூடாது

எங்களைவிட ஒரு படி முதல் மூன்று படிவரை மேலே விளையாடும் பெண்கள் அணிகளுக்கு, தயவுசெய்து வந்து எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போங்கள் என்று நான் பதினொரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். மூளை கலங்கி எழுதவில்லை. நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலையில், மதிய இடைவேளையில், பாணைக் கடித்துக்கொண்டு நல்ல டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், மரியாதையாக எழுதினேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அன்பான வணக்கங்கள் வேறு.

சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் எங்கள் தமிழர் விளையாட்டுக் கழகத்துக்கு நான்கு உதைபந்தாட்ட அணிகள். பெண்கள் அணி அதில் கடைசி. நாங்கள் ஆடுவது நான்காம் லீகா, அதாவது நான்காம் படிப் பிரிவு. பெண்களுக்கு அதற்குக் கீழே லீகா இல்லை, இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருப்போம். பதினான்கு பேர். பாதிப் பேர் இங்கே பிறந்தவர்கள், மீதிப் பேர் கல்யாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஆறு வயதில் வந்த நான் இரண்டிலும் சேராமல் கோலுக்குள் நிற்கிறேன். ஓடப் பிடிக்காது என்று முதல் நாளே சொன்னேன், அப்படியானால் கோலுக்குள் நில் என்றார்கள். நான்கு வருடமாக நிற்கிறேன். அந்த நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் பந்துக்காக நிலத்தில் பாய்ந்தது கிடையாது. முப்பத்தொன்பது வயதில், இரண்டு பிள்ளை பெற்ற இடுப்போடு யார் பாய்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை செயற்கைப் புல் மைதானம் எங்களுடையது. குளிர்காலத்தில் மற்ற மைதானங்கள் எல்லாம் சேறும் பனியுமாகப் பூட்டிக் கிடக்கும். அந்த ஒரு மைதானத்துக்கு நகரமே அடிபடும். நான் நல்ல ஆட்டக்காரி இல்லை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் என் தொலைபேசி சப்பாத்துப் பைக்குள் கிடக்கும். அம்மா, என் சொக்ஸ் எங்கே என்று ஒருவரும் கேட்க முடியாது. இஞ்சாரும், உப்பு எங்கை என்று ஒருவரும் கேட்க முடியாது. அந்த நேரத்தை நான் உயிராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த நேரம்தான் மூத்தோர் அணிக்கு வேண்டும் என்று கழகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. மூத்தோர் அணி என்றால் நாற்பது தாண்டிய ஆண்கள். அதில் இடது பக்கம் ஆடுகிறவர் என் கணவர். அன்று காலை என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தவர், இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

"தங்கச்சி, கோவிக்கப்படாது," என்று தொடங்கினார் தலைவர் அண்ணை. அவர் அப்படித் தொடங்கினாலே எனக்குக் கோபம் வந்துவிடும். "மூத்தோர் அணி வெள்ளிக்கிழமை இரவிலை பயிற்சி செய்யினம். குளிருக்கு மூட்டு பிடிக்குது. ஞாயிறு மத்தியானம் எண்டால் கொஞ்சம் வெயில் இருக்கும்."

"அப்ப எங்களுக்கு மூட்டு இல்லையோ?"

"அப்பிடியில்லைப் பிள்ளை. தரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

"தரமோ? எந்தப் பெரிய ரீமையெண்டாலும் கூப்பிடுங்கோ. நிண்டு காட்டுறம்!"

எனக்கு வாய் எப்போதும் காலைவிட வேகம். பக்கத்தில் இருந்த என் சிநேகிதி, எங்கள் பின்வரிசைக்காரி, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அவள் மிதித்து முடிப்பதற்குள் தலைவர் அண்ணை அதைத் தீர்மானமாக்கிவிட்டார். பெண்கள் அணி மேல் லீகா ஒன்றோடு நட்புப் போட்டி ஆட வேண்டும். பத்துக் கோலுக்குக் குறைய வாங்கினால் ஞாயிறு அவர்களுக்கு. பத்து விழுந்தால் மூத்தோர் அணிக்கு.

"ஏன் பத்து?" என்று கேட்டேன்.

உப தலைவர் யோசிக்கவேயில்லை. "ஒன்பது எண்டால் தோல்வி. பத்து எண்டால் மானக்கேடு," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கை உயர்த்தி வாக்கெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். என் கணவரும் கை உயர்த்தினார். காரில் வரும்போது ஏனப்பா கை உயர்த்தினீங்கள் என்று கேட்டதற்கு, எல்லாரும் உயர்த்தினவை என்றார்.

பதினொரு மின்னஞ்சலில் பத்துக்குப் பதில் இல்லை. பதினோராவதற்குப் பதில் போட்டது ஒரு முதலாம் லீகா அணியின் பயிற்சியாளர். பெப்ரவரியில் ஒரு ஞாயிறு அவர்கள் ஆட வேண்டிய மைதானம் பனிக்குள் புதைந்துவிட்டதாம், யாரோடாவது ஓடினால் போதுமாம். முதலாம் லீகா என்றால் அதற்கு மேலே கிட்டத்தட்டத் தொழில்முறைதான். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. சத்துணவுக்கு ஆள். கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர். சிநேகிதியிடம் சொன்னபோது அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"எடி, நீ கேட்டது மூண்டாம் லீகாவை எண்டெல்லோ நினைச்சன்?"

"எல்லாருக்கும் அனுப்பினனான். இவை தானே பதில் போட்டவை."

"கோதாரி! பத்து இல்லை, முப்பது விழும்."

தலைவர் அண்ணையின் முகத்திலோ வெளிச்சம். "முதலாம் லீகாவோ? எங்கடை கழகத்துக்கு வருகினமோ? அப்ப இது சும்மா மட்ச் இல்லைப் பிள்ளை, இது விழா!" என்றார். எங்கள் ஆட்களிடம் விழா என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் பிறகு பிடிக்க முடியாது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என்ன சொல்ல முடியும்?

போட்டி இரண்டு மணிக்கு. நாங்கள் ஒன்றேகாலுக்குப் போனபோது அவர்கள் முழு அணியும் மைதானத்தின் ஓரமாக வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர். எல்லோருக்கும் ஒரே நீளக் குதிரைவால். நான் என் கையுறையில் ஒட்டியிருந்த பிள்ளையின் சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டு பார்த்தேன்.

ஒன்றேமுக்காலுக்குத் தலைவர் அண்ணை குத்துவிளக்கோடு வந்தார். செயற்கைப் புல்லில் நெருப்பா என்று மைதானப் பொறுப்பாளர் குறுக்கே பாய்ந்தார். அறுபது வயதுச் சுவிஸ் மனிதர், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பெரிய மணிக்கூடு. விளக்கைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் வைத்தோம். பெப்ரவரிக் காற்று ஒவ்வொரு திரியாக அணைத்தது. தலைவர் கொளுத்த, உப தலைவர் குடை பிடிக்க, எதிரணிப் பயிற்சியாளர் கூப்பிய கையோடு நிற்க, ஐந்து முகமும் ஒன்றாக எரியும்வரை விடமாட்டோம் என்று எங்கள் ஆட்கள் நின்றார்கள். மணி இரண்டேகால்.

பிறகு வரவேற்புரை. பிறகு ஆசியுரை. பிறகு சிறப்புரை. அதற்குப் பிறகு தலைவர் அண்ணை ஒலிவாங்கியை எடுத்து, விருந்தாளிகளுக்கும் விளங்கவேண்டும் என்று டொச்சில் தொடங்கினார். கழகத்தின் வரலாறு சொன்னார். பெண்களின் முன்னேற்றம் சொன்னார். பிறகு, கடவுளே, அந்தத் தீர்மானத்தையும் சொன்னார்.

"எங்கள் சகோதரிகள் இன்று பத்துக் கோல் வாங்கினால், தங்கள் ஞாயிற்றுக்கிழமையை மூத்த ஆண்களுக்கு மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பார்கள்!" என்று பெருமையாக அறிவித்துக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

ஒருவரும் தட்டவில்லை. எதிரணியின் இருபது குதிரைவால்களும் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பின. முன்வரிசையில் நின்ற அவர்களுடைய கப்டன், என்னைவிட ஒன்றரைச் சாண் உயரமானவள், என்னையே பார்த்தாள். பல்லுப் பிடுங்க வந்த பிள்ளையை நான் அப்படித்தான் பார்ப்பேன். எனக்குப் பற்றி எரிந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு பொன்னாடை. இருபது பேருக்கும், பயிற்சியாளருக்கும், நடுவருக்கும், கடைசியில் மைதானப் பொறுப்பாளருக்கும் போர்த்தினார்கள். குளிருக்கு இதமாக இருந்ததோ என்னவோ, ஒருவரும் கழற்றவில்லை. பிறகு வடையும் றோல்சும் தேத்தண்ணியும். ஆடுவதற்கு முன் சாப்பிடுவதில்லை என்று பயிற்சியாளர் சொல்லிப் பார்த்தார். "ஒரு வடையாவது" என்று மூன்று பெண்கள் தட்டோடு சுற்றி நின்றால் சத்துணவுக்காரி என்ன செய்வாள்? அவர்களுடைய கோல்கீப்பர் நான்கு தின்றதை நான் கண்ணால் கண்டேன்.

விசில் ஊதும்போது மணி மூன்று ஐந்து. நான்கு மணிக்கு அடுத்து ஒரு சிறுவர் அணி வருகிறது, ஒரு நிமிடமும் தரமாட்டேன் என்று மைதானப் பொறுப்பாளர் பொன்னாடைக்குள்ளிருந்து மணிக்கூட்டைக் காட்டினார். தொண்ணூறு நிமிட ஆட்டத்தை நடுவர் பாதிக்குப் பாதி இருபத்தைந்து நிமிடமாக வெட்டினார். என் சிநேகிதி என் காதுக்குள், "பேசிப் பேசியே நாற்பது நிமிசத்தைத் திண்டிட்டாங்களடி. வாழ்க தலைவர்!" என்றாள். தரம் பற்றிப் பேசிய வாயே எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் எட்டு நிமிடத்தில் மூன்று விழுந்தது. மூன்றையும் நான் பார்க்கவில்லை, வலை அசைந்ததைத்தான் பார்த்தேன். என் கணவர் கோலுக்குப் பின்னால் வந்து நின்று, "ஒண்டு... ரெண்டு... மூண்டு" என்று எண்ணினார்.

"இஞ்சருங்கோ, அங்காலை போங்கோ!"

"எண்ணுறதுக்கு என்னைத்தானப்பா விட்டிருக்கினம்."

மூன்றுக்குப் பிறகு என்னவோ மாறியது. பந்து அவர்களுடைய காலிலேயே இருந்தது, ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. பின்னுக்கு அடித்தார்கள், பக்கத்துக்கு அடித்தார்கள். ஒருத்தி எங்கள் கோலுக்கு முன்னால் தனியே வந்தும், திரும்பி எங்கோ தூரத்தில் நின்றவளுக்குக் கொடுத்தாள். அவர்களுடைய கோல்கீப்பர் மறுபடியும் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டாள். எங்கள் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், ஒன்றும் விழவில்லை. அப்படியே நின்றிருந்தால் மூன்றோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

என்னால் முடியவில்லை. பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்ததும் தலைக்கு ஏறிவிட்டது. கோலை விட்டு வெளியே வந்து சுவிஸ் டொச்சில் கத்தினேன்: "ஒழுங்காக விளையாடுங்கள்! நாங்கள் என்ன, நோயாளிகளா?"

மைதானம் முழுக்கக் கேட்டது. அவர்களுடைய கப்டன் என்னைப் பார்த்தாள், தன் பயிற்சியாளரைப் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள். இடைவேளைக்குள் இன்னும் இரண்டு விழுந்தது.

"உனக்கென்ன விசரே?" என்று சிநேகிதி என் சட்டையைப் பிடித்தாள். "அவளவை சும்மா நிண்டவளவை. உன்னை ஆர் வாயைத் திறக்கச் சொன்னது?"

"பிச்சை எடுக்க நான் வரேல்லை."

"ஓமடி, ராணி! ஐஞ்சு விழுந்திட்டுது. இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. வாற ஞாயிறு ராணி வீட்டிலை இருந்து சொக்ஸ் மடிக்கலாம்."

அவள் சொன்னது சரி. எனக்கு அழுகை வந்தது. கோபப்பட்டதற்காக அழுவதா, அழுகை வந்ததற்காகக் கோபப்படுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் மேசையில் அனாதையாகக் கிடந்த ஒலிவாங்கி என் கண்ணில் பட்டது. எதிரணி தரும் பிச்சை வேண்டாம். எங்கள் ஆட்களின் பேச்சு எங்கள் சொந்தச் சொத்து, அதை எடுத்தால் என்ன குறை? நேரே தலைவரிடம் போனேன்.

"அண்ணை, முதலாம் லீகா வந்திருக்கு, நீங்கள் இடைவேளையிலை ரெண்டு வார்த்தை பேசாட்டில் நல்லாயிருக்காது."

"நான் ஏலவே பேசிப்போட்டனே தங்கச்சி."

"அது வரவேற்பு அண்ணை. நன்றியுரை ஒருத்தரும் சொல்லேல்லை."

அவருடைய கை தானாகவே ஒலிவாங்கிக்குப் போனது. ரெண்டு வார்த்தை பதின்மூன்று நிமிடம் நீண்டது. மைதானம் தந்த நகரத்துக்கு நன்றி. வடை சுட்டவர்களுக்கு நன்றி, பெயர் பெயராக. கார் நிறுத்தம் ஒழுங்கு செய்தவர்களுக்கு நன்றி. நடுவர் மூன்று தடவை விசிலை வாயில் வைத்தார், மூன்று தடவையும் தலைவர் அவருக்கும் நன்றி சொன்னார். மைதானப் பொறுப்பாளர் சாவிக்கொத்தைக் குலுக்கத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது. இரண்டாம் பாதி பதினைந்து நிமிடம் மட்டும் என்று நடுவர் அறிவித்தார்.

பதினைந்து நிமிடத்தில் நான்கு விழுந்தது. இப்போது அவர்கள் நிஜமாகவே ஓடினார்கள், வடை தின்றவள் உட்பட. "ஆறு... ஏழு..." என்று எண்ணிய என் கணவரின் குரல் எட்டில் கொஞ்சம் இறங்கியது. ஒன்பதை அவர் சொல்லவேயில்லை. திரும்பிப் பார்த்தேன், வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மூலையிலிருந்து ஒரு பந்து உயரமாக எங்கள் கோலுக்கு முன்னால் வந்தது. என் சிநேகிதி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க வலைப்பந்து ஆடியவள், மாவட்ட அணியில் இருந்தவள். பந்து உயரத்தில் வருவதைக் கண்டதும் அவள் எழும்பினாள். எவ்வளவு அழகாக எழும்பினாள்! இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, ஒற்றைக் காலை ஊன்றி அசையாமல் நின்று, யாருக்கு எறியலாம் என்று சுற்றிப் பார்த்தாள்.

நடுவர்கூட ஒரு கணம் விசிலை மறந்துவிட்டார்.

"ஐயோ," என்றாள் என் சிநேகிதி, கையில் பந்தோடு.

பெனால்டி. தலைவர் அண்ணை ஒலிவாங்கியில், "அன்பர்களே, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த பத்தாவது கோலுக்கான நேரம்" என்று தொடங்கினார், யாரோ மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். அவர்களுடைய கப்டன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னுக்குப் போகவில்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிற மாதிரிக் கட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எந்தப் பக்கம் அடிக்க?" என்றாள்.

இடது என்றொரு சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. மறைக்க மாட்டேன், வந்தது. என் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அவளுடைய முகத்தில் அந்தப் பல் வைத்தியசாலைப் பார்வை. அதைப் பார்த்த பிறகு என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.

"உனக்கு எந்தப் பக்கம் கோல் விழுமோ அந்தப் பக்கம் அடி," என்றேன். "வேணுமென்று வெளியே அடித்தாயானால், உன் ரயில்வரை துரத்தி வருவேன்."

அவளுடைய முகம் சிவந்தது. ஆறு எட்டு வைத்துப் பின்னுக்குப் போனாள். எங்கே பாய்வது? பாய்ந்து பழக்கமில்லை. இடமா, வலமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஓடிவந்து அடித்துவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்து நடுவாலே வந்து என் முகத்தில் அறைந்து வெளியே தெறித்தது.

விழுந்து கிடந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. காதுக்குள் ஒரே இரைச்சல். கடைசி விசில் எங்கோ கேட்டது, எங்கள் பெண்கள் கத்துவது கேட்டது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நேரே என்னிடம் அடித்துவிட்டாள், சொல்லியும் கேளாமல் பிச்சை போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நெஞ்சு கசந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை மூத்தோர் அணியையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம் போலிருந்தது.

அப்போது மேலே ஒரு குரல், "கொப்ஃபர்தாமி!" என்றது. கோபம் தலைக்கேறினால் இங்கே சொல்லும் கெட்ட வார்த்தை. கப்டன் தன் காற்கவசத்தைப் பிடுங்கி நிலத்தில் எறிந்தாள். "எல்லாக் கோல்கீப்பரும் பாய்வார்கள்!" என்று என்னைப் பார்த்தே கத்தினாள், கண் கலங்கியிருந்தது. "அதனால்தான் நடுவிலே அடித்தேன். நீ ஏன் பாயவில்லை? யாராவது பாயாமல் நிற்பார்களா?" பயிற்சியாளர் வந்து தோளில் கை வைத்ததும் தட்டிவிட்டுப் போனாள்.

நான் புல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. சிநேகிதி ஓடிவந்து தன் சட்டை நுனியால் என் மூக்கைப் பொத்தினாள்.

"நல்லா நோகுதோடி?"

"இல்லையடி," என்றேன். "அவள் உண்மையாத்தான் அடிச்சவள்."